‘ரெஸ்டிவ்’: சண்டி மாட்டைக் கொண்டு ஓர் ஆங்கிலச் சொல்லை அறியும் முறை

சேலத்தை அடுத்த கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரத்தில், மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒருநாள் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். தலைவர் வரத் தாமதமானதால் கூட்டம் ‘ரெஸ்டிவ்’ ஆயிற்று என்பது அந்த வாக்கியம். வகுப்பில் பாதிப் பேர் ‘கூட்டம் ஓய்வெடுத்தது’ என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகள்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘ரெஸ்ட்’ என்றால் ஓய்வு என்று சிறு வயதிலிருந்தே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். அரிதாக எதிர்ப்படும் ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருளையும் வரலாற்றையும் எப்படித் தேடிக் கண்டடைவது என்பதை இந்த ஒரு சொல்லையே கொண்டு விளக்குகிறேன்.

அகராதியைத் திறப்பதற்கு முன் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை முழுமையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயரடை எதைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்பதை அடிக்கோடிடுங்கள். கூட்டம், குதிரை, படைவீரர், தொழிலாளர் என்று ‘ரெஸ்டிவ்’ ஒட்டிக்கொள்ளும் சொற்களைச் சேர்த்துப் பார்த்தாலே, யாரோ ஒருவருடைய பிடிக்குள் இருப்பவர்களைப் பற்றித்தான் இது பேசுகிறது என்பது புலப்படத் தொடங்கும். பெயரடையைத் தனியே பிடுங்கி எடுத்து மனப்பாடம் செய்பவருக்கு இந்த உதவி கிடைப்பதில்லை.

அடுத்து, பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் சொற்பிறப்புப் பகுதியைப் படியுங்கள். சட்டைப்பையில் அடங்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தருவதில்லை. ‘ரெஸ்டிவ்’ பழைய பிரெஞ்சு மொழியின் ‘ரெஸ்டிஃப்’ என்னும் சொல்லின் வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது ‘ரெஸ்டாரே’ என்னும் இலத்தீன் வினை. ‘பின்தங்கி நிற்றல்’ என்பது அதன் பொருள். ‘ரே’ என்பது பின்னால், ‘ஸ்டாரே’ என்பது நிற்றல். மீதியைக் குறிக்கும் ‘ரெஸ்ட்’, பிடித்து நிறுத்துவதைக் குறிக்கும் ‘அரெஸ்ட்’ ஆகிய இரண்டும் இதே வேரின் கிளைகள். ஓய்வைக் குறிக்கும் ‘ரெஸ்ட்’ மட்டும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஜெர்மானியச் சொல். அதற்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவில்லை. என் மாணவர்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கற்பிக்கும் பழக்கம் நம் ஊர்ப் பெயரிலேயே உண்டு: சேலை நெய்யும் ஊராதலால் சேலம் என்பார் சிலர், மலையைக் குறிக்கும் சைலம் என்பதே திரிந்தது என்பார் சிலர், சேரரோடு இணைப்பார் வேறு சிலர். கேட்பதற்கு இனிமையாக இருக்கும் விளக்கத்தைவிடப் பழைய எழுத்துச் சான்று உள்ள விளக்கத்துக்கே எப்போதும் முதலிடம் கொடுங்கள்.

வேரைக் கண்ட பிறகு, பொருள் மாறிய வழியைப் பின்தொடர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, களைப்பே இல்லாதிருந்தும் முன்னே செல்ல மறுக்கும் குதிரையைக் குறிக்கவே இந்தச் சொல் முதலில் வழங்கியது என்று சொல்கிறது. இன்றைய அகராதிகளோ பொறுமையிழந்த, நிலைகொள்ளாத என்று பொருள் தருகின்றன. அசையாமல் நின்றதைச் சொன்ன சொல் எப்படி அசைந்துகொண்டே இருப்பதைச் சொல்லும் சொல்லாயிற்று?

இதற்கு விடையை நான் அகராதியில் பெறவில்லை. மாணவி ஒருத்தியின் தாத்தாவிடம் பெற்றேன். இளமையில் வண்டி ஓட்டியவர் அவர். பேத்தி குதிரையைப் பற்றிச் சொன்னதும், “அட, சண்டி மாடும்மா அது” என்றாராம். பிறகு நேரில் கேட்டபோது விளக்கமாகவே சொன்னார். சண்டி மாடு நுகத்தடியின் கீழ் நடக்க மறுத்து நிற்கும். தார்க்குச்சியால் குத்தினால் பின்னால் நகரும், பக்கவாட்டில் ஒதுங்கும், கழுத்தைத் திருகி நுகத்தைத் தள்ளப் பார்க்கும், எதுவும் பலிக்காவிட்டால் நடுவழியில் படுத்துக்கொள்ளும். நிற்பதும் திமிறுவதும் ஒரே முரண்டின் இரண்டு தோற்றங்கள் என்பது அவர் பேச்சிலிருந்து தெளிவாயிற்று. ஆங்கிலத்திலும் அதுவே நடந்திருக்கிறது: நகர மறுக்கும் குதிரை என்பது அடங்க மறுக்கும் குதிரையாகி, அடங்க மறுப்பது பொறுமையிழந்து தவிக்கும் மனிதர்களைக் குறிப்பதாயிற்று. கடிவாளத்துக்கு எதிரான எதிர்ப்பு என்னும் உட்பொருள் மாறவே இல்லை.

இங்கே அகராதியைப் படிக்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெரியம்-வெப்ஸ்டர் போன்றவை ஒரு சொல்லின் பொருள்களை அவை தோன்றிய வரிசையில் தருகின்றன; வேறு சில, இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் வைக்கின்றன. முதலில் இருப்பதே முக்கியமான பொருள் என்று எண்ணிவிடாமல், எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்பதை அகராதியின் முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் காலவரிசையில் மேற்கோள்களைத் தருவதால், நூலகத்தில் கிடைத்தால் அதையே நாடுங்கள். தமிழ்ப் பக்கத்துக்கு 1862-இல் வந்த வின்ஸ்லோ அகராதியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கின்றன. ‘சண்டி’, ‘முரண்டு’ போன்ற சொற்களை அங்கே தேடிப் பார்க்கலாம்.

கடைசியாக, ‘ரெஸ்ட்லெஸ்’ என்னும் அண்டைச் சொல்லோடு மாற்றி வைத்துச் சோதியுங்கள். தூக்கம் வராமல் புரண்ட இரவை ‘ரெஸ்ட்லெஸ்’ என்று சொல்வது பொருந்தும். அங்கே அடக்குபவர் எவரும் இல்லாததால் ‘ரெஸ்டிவ்’ பொருந்தாது. ஏற்காடு செல்லும் பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே எங்கோ போக்குவரத்து நின்றுபோய், காரணம் சொல்லப்படாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பயணிகள் ஓட்டுநரிடம் குரலை உயர்த்தத் தொடங்கினால், அவர்களுக்கு ‘ரெஸ்டிவ்’ சரியாகப் பொருந்தும். முதலாவதற்கு ‘இருப்புக்கொள்ளாத’ என்று தமிழில் எழுதலாம். இரண்டாவதற்கு இடத்தைப் பொறுத்து ‘பொறுமையிழந்து முரண்டும்’, ‘அடங்க மறுக்கும்’ என்றும், விலங்கைச் சொல்லும்போது ‘சண்டித்தனம் செய்யும்’ என்றும் எழுதலாம்.

மறுவாரம் அதே வாக்கியத்தைத் திரும்பவும் கொடுத்தேன். ‘கூட்டம் பொறுமையிழந்து முரண்டத் தொடங்கியது’ என்று அந்த மாணவி எழுதியிருந்தாள். ஓரத்தில் சிறியதாக ஒரு மாட்டின் படமும் வரைந்திருந்தாள்.