புதன்கிழமை ஃபார்வர்டு வேலை: ஒரு பழைய ரேடியோக்காரியின் செய்முறை

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் திருச்சி வானொலியில் வேலை பார்த்தவர்கள். அறிவிப்பாளர்கள், என்னைப் போல செய்தி வாசித்தவர்கள், நாடகப் பிரிவுக்காரர்கள், பொறியியல் பிரிவு, டியூட்டி ரூம் எல்லாம் உண்டு. ஒரு ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்துவிட்டால் நேயர் கடிதம் வந்துவிடுமே என்று பயந்தே வாழ்ந்த கூட்டம். அதே குழுவில்தான் இப்போது "இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்குப் பக்கத்தில் வருகின்றன, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள், சிங்கப்பூர் டிவி அறிவிப்பு" என்று வருகிறது. வருடம் தவறாமல் வருகிறது. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்த செய்தியும் அப்படித்தான். யுனெஸ்கோ எப்போதோ மறுத்துவிட்டது. எங்கள் குழுவுக்கு மட்டும் அந்த மறுப்பு இன்னும் வந்து சேரவில்லை.

செய்தியோடே வாழ்ந்தவர்கள் இப்படிச் செய்யலாமா என்று என் மகள் கேட்கிறாள். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நிலையத்தில் சரிபார்த்தது ஒருவர், வாசித்தது இன்னொருவர். எங்கள் கைக்கு வந்த தாளில் ஆசிரியரின் பேனா ஏற்கெனவே ஓடியிருக்கும். அதை நம்பி வாசித்தோம்; எங்கள் குரலை நம்பி ஊர் கேட்டது. இன்றைக்குக் குரல் இருக்கிறது, சரிபார்க்கும் அந்த ஆசிரியர் மேசையைக் காணோம். "சாரே போட்டிருக்கார்" என்று நாலு பேர் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஆகவே நானே அந்த மேசையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், வாரத்தில் ஒரு நாள். புதன்கிழமை காலை, சமையல் முடித்த பிறகு. ஏன் புதன் என்றால், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை "எல்லோருக்கும் அழி" என்று எடுப்பதற்கு 2 நாளும் 12 மணி நேரமும்தான் அவகாசம். எங்கள் குழுவில் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் ஃபார்வர்டு மழை. ஞாயிறு நள்ளிரவில் போட்டதைப் புதன் நண்பகலுக்குள் அழித்துவிடலாம். அதற்குமேல் அனுப்பியவரால் முடியாது. உங்கள் குழுவில் எந்த நாள் மழை என்று பார்த்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் யார் சொன்னது என்று பாருங்கள். அனுப்பியவர் யார் என்பது வேறு கேள்வி, அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். செய்திப் பிரிவில் ஒரு தாள் வந்தால் அது பி.டி.ஐ., யு.என்.ஐ. போன்ற செய்தி நிறுவனம் அனுப்பியதா, மாவட்டத்தில் இருக்கும் பகுதி நேரச் செய்தியாளர் போனில் சொன்னதா என்று தெரிந்திருக்கும். ஃபார்வர்டில் அந்த இடம் காலி. "மருத்துவர்கள் சொல்கிறார்கள்", "நாசா எச்சரிக்கை" என்றால் காலி என்றே கணக்கு. எந்த மருத்துவர், எந்த ஊர், எங்கே சொன்னார் என்று மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அதற்குமேல் நேரம் செலவழிக்க வேண்டாம். செய்தியின் தலைக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது ஏற்கெனவே ஐந்து கையாவது மாறி வந்திருக்கிறது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப்பே கட்டிவைத்திருக்கிறது. அம்பு இல்லை என்பதால் உண்மை என்று ஆகிவிடாது. எங்கள் பொறியியல் பிரிவு அண்ணன் ஒருவர் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒட்டித்தான் அனுப்புவார். அவர் அனுப்புவதில் அம்பே இருக்காது.

அடுத்தது தேதி. "இன்று", "நாளை", "சற்று முன்" என்றால் சந்தேகப்படுங்கள். செய்தியறிக்கையில் "இன்று காலை" என்றால் அன்றைக்குக் காலைதான், மதியம் ஒன்றே முக்காலுக்கு வாசித்து முடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஃபார்வர்டின் "இன்று" சாகாவரம் பெற்றது. மழைக்காலத்தில் வரும் பள்ளி விடுமுறை அறிவிப்பே சரியான உதாரணம். போன வருட டிவி ஸ்கிரீன்ஷாட், தேதி இருக்கும் மூலையை வெட்டிவிட்டு வரும். பேரப்பிள்ளைகள் உற்சாகமாகிவிடுவார்கள். விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர். அவருடைய அதிகாரபூர்வப் பக்கத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பையைத் தூக்கு.

படமும் வீடியோவும் வந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. படத்தைப் போனில் சேமித்து, கூகுள் லென்ஸில் கொடுத்தால் அதே படம் இதற்கு முன்னால் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். வீடியோ என்றால் கட்டடமோ கடைப் பலகையோ பேருந்தோ தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கொடுங்கள். மனித முகத்தை வைத்துத் தேடுவதைவிடப் பலகையை வைத்துத் தேடினால் பலன் அதிகம். வண்டி நம்பர் பலகையில் டி.என். என்று இருக்கிறதா, பலகை எந்த மொழி, மழை பெய்கிறதா, நம் ஊரில் அந்த மாதம் மழை உண்டா என்றும் பாருங்கள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். இது எங்கள் தொழில் புத்தி. பின்னணியில் பேசுபவர்கள் எந்த வட்டாரத் தமிழ், தமிழ்தானா, ஹாரன் எந்த மாதிரி, ஒலிபெருக்கியில் என்ன ஓடுகிறது என்று காது பிடித்துக் கொடுக்கும். சத்தத்தை எடுத்துவிட்டு சோகப் பாட்டை ஒட்டியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று நான் வைத்துக்கொள்வேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பரவிய வீடியோக்களில் வேறு இடங்களில், வேறு காரணத்துக்காக நடந்தவை கலந்திருந்தன. போலீஸ் மறுத்தது. அதற்குள் இங்கே வேலை பார்த்தவர்கள் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

"சும்மா ஒரு எச்சரிக்கைக்குத்தானே அனுப்பினேன்" என்பவர்களுக்கு நான் 2018-ஐச் சொல்வேன். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்றைக் குழந்தை கடத்த வந்தவர்கள் என்று நினைத்து ஊரே அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய குழந்தை கடத்தல் வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அனுப்பிய எல்லாரும் எச்சரிக்கைக்குத்தான் அனுப்பினார்கள்.

வாய்ஸ் மெசேஜ் தனி ரகம். "நான் கலெக்டர் ஆபீஸ்ல இருந்துதான் பேசுறேன், அணையைத் திறக்கப் போறாங்க" என்று பதற்றமாக ஒருவர் பேசுவார், பெயர் சொல்ல மாட்டார். குரலைக் கேட்டே பொய்யா உண்மையா என்று சொல்லிவிடலாம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு கர்வம் உண்டு. ஏ.ஐ. குரல்கள் வந்த பிறகு அந்தக் கர்வத்தை நான் நம்புவதில்லை. தெரிந்தவர் குரலில் பணம் கேட்டு வந்தால், உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள். வந்த நம்பருக்கே கூப்பிட்டுக் கேட்பதில் பயன் இல்லை.

எங்கே சரிபார்ப்பது? அரசுத் திட்டம், மானியம் என்றால் மத்திய அரசுக்கு அதன் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி.யின் உண்மை சரிபார்ப்புப் பக்கம், மாநில அரசுக்குத் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம். புயல், மழைக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம். பொதுவான வதந்திகளுக்கு யூடர்ன் தளத்தில் தமிழிலேயே தேடலாம். எங்கள் பழைய வீட்டையும் மறக்கவில்லை: ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் தளத்தில் மாநிலச் செய்தியறிக்கைகள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அதிகாரபூர்வமாக வந்தால்தான் செய்தி என்று முரண்டு பிடிக்கவும் கூடாது. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். ஆகாசவாணி அவர் இறந்ததைச் சொன்னபோது மாலை. அதற்குள் பி.பி.சி. சொல்லிவிட்டிருந்தது. அதனால் இரண்டு இடம் பாருங்கள், ஒன்றை ஒன்று பார்த்து எழுதாத இரண்டு இடம். ஒரே வாசகம் ஐந்து தளத்தில் இருந்தால் அது ஒரு இடம்தான்.

மரணச் செய்திக்கு மட்டும் தனி விதி, தனிப் பொறுமை. 1979 மார்ச் 22 அன்று, பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜே.பி.) இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வானொலி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்தியது, கடைகளை மூடினார்கள். ஜே.பி. உயிரோடு இருந்தார். அக்டோபர் 8-ல்தான் காலமானார். பிரதமர் சொல்லியே தவறும் என்றால் பக்கத்துத் தெரு அங்கிள் எம்மாத்திரம்? 2020-ல் பாடகி எஸ். ஜானகி இறந்துவிட்டதாக யாரோ கிளப்பிவிட்டார்கள்; அவர் நன்றாக இருக்கிறார் என்று குடும்பத்தினர் வந்து சொல்லவேண்டியதாயிற்று.

பிரபலங்களாவது பத்திரிகையில் மறுப்புப் போடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது. எங்கள் குழுவில் இருப்பவர்களின் வயதுக்கு, மரணச் செய்திதான் அடிக்கடி வரும் உண்மையான செய்தி. ஒருமுறை மூத்த அறிவிப்பாளர் ஒருவர் ஐ.சி.யூ.வில் இருக்கும்போதே மாலை போட்ட படத்தை ஒருவர் போட்டுவிட்டார். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அவருடைய மகளும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் "அப்பா இப்பத்தான் கஞ்சி குடிச்சார்" என்று மட்டும் எழுதினார். அதற்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எந்தப் பழைய அலுவலகக் குழுவுக்கும் இது பொருந்தும்.

யாராவது காலமானார் என்று காதில் விழுந்தால் குழுவில் எழுதக்கூடாது. அட்மின்கள் இருவரில் ஒருவருக்குப் போன் செய்யவேண்டும், எழுத்தில் வேண்டாம். அட்மின் வீட்டாரிடமோ, வீட்டில் நிற்கும் ஒருவரிடமோ பேசிவிட்டு ஒரே ஒரு பதிவு போடுவார்: முழுப்பெயர், எந்தப் பிரிவில் இருந்தார், எப்போது காலமானார், உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், வழி கேட்க யாருக்குப் பேசலாம். நேரம் தெரியாவிட்டால் "நேரம் பிறகு" என்று போடலாமே தவிர, ஊகித்துப் போடக்கூடாது. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள் அதை நம்பித்தான் கிளம்புவார்கள். வீட்டார் சரி என்று சொன்ன படம் மட்டும். மருத்துவமனைப் படம் கூடவே கூடாது. இரங்கலை எல்லாரும் அந்தப் பதிவுக்குக் கீழேயே பதிலாகப் போடவேண்டும், நடுவில் குட்மார்னிங் ரோஜாப்பூ வந்தால் அட்மின் எடுத்துவிடுவார். குழுவில் யார் போட்டதையும் அழிக்கும் வசதி அட்மினுக்கு உண்டு.

தப்பான செய்தி போட்டவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உள்ளதிலேயே சிரமம். எனக்குச் செய்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரே ஃபார்வர்டு மன்னராக இருக்கிறார். குழுவில் நாலு பேர் முன்னால் "இது பொய் சார்" என்றால் அவர் தான் போட்டது உண்மை என்று நிரூபிக்க இன்னும் மூன்று அனுப்புவார். தனியாக எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "வணக்கம் சார், ஞாயித்துக்கிழமை ராத்திரி போட்ட வெள்ளப் படம் 2015-ல சென்னையில எடுத்தது. லிங்க் கீழே இருக்கு. புதன் மதியத்துக்குள்ள அழிச்சிடலாம். நீங்களே குழுவுல ஒரு வரி சொல்லிட்டா எல்லாரும் கேப்பாங்க." கடைசி வரி முக்கியம். அவர் சொன்னால்தான் கேட்பார்கள் என்பது உண்மையும்கூட. அழிப்பதோடு திருத்தத்தையும் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்குள் எடுத்து அடுத்த குழுவில் போட்டவர்களிடம் அழிப்பு போய்ச் சேராது. மாற்றுக்கருத்து வந்தால் வாதாட வேண்டாம். "சரிங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நிறுத்திவிடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம். அரசியல் ஃபார்வர்டில் நான் கை வைப்பதே இல்லை, தேதியும் படமும் தப்பாக இருந்தால் ஒழிய.

நீங்களே ஒன்றை அனுப்பக் கை துறுதுறுத்தால், அதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் காலை 7.15-க்குச் சரோஜ் நாராயணசுவாமி வாசிப்பாரே, அந்த மாதிரி: "ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது" என்று தொடங்கி உங்கள் பெயரைச் சொல்லி, அப்புறம் அந்த ஃபார்வர்டை முழுக்க வாசியுங்கள். காஸ்மிக் கதிருக்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வராமல் முடிந்தால் மேலே சொன்ன வேலையைச் செய்துவிட்டு அனுப்புங்கள், எங்கிருந்து கிடைத்தது என்ற வரியோடு. வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டால் சமாளிப்பது உங்கள் பாடு.