சோர்ந்து கெடக்குற கோழிக்குஞ்சுக்கு மொதல்ல சூடு, அப்புறம் தண்ணி, கடைசியாத்தான் தீனி

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்குப் பின்னால கம்போங் கோழி (நாட்டுக் கோழி) வளக்காத ஆளுங்க கொறச்சல்தான், தோட்டத்து லயத்துல இருந்து தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) மாறி வந்தவங்ககூட நாலு கோழியாவது வச்சிருப்பாங்க. ஆனா ஒரு குஞ்சு கண்ண மூடிக்கிட்டு ரெக்கைய தொங்கப்போட்டு மூலையில நின்னுச்சுன்னா எல்லாரும் ஒடனே செய்யுற வேலை அதோட வாயத் தொறந்து சோத்தத் திணிக்கிறது. தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. ஒடம்பு குளுந்து போன குஞ்சுக்கு தீனி செரிக்காது, தீனிப்பையிலயே நின்னு புளிச்சுப் போகும், அப்புறம் நோயால செத்துச்சா நம்ம குடுத்த சோத்தால செத்துச்சான்னு தெரியாது.

மொதல்ல கையில எடுத்து கால தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா அது குளுந்து போயிருக்கு. கோழிக்கு ஒடம்பு சூடு 41 டிகிரி கிட்ட, நம்ம சூட்ட விட அதிகம், ஆனா குஞ்சுக்கு பஞ்சு மாதிரி முடிதான இருக்கு, சொந்தமா சூட்ட காப்பாத்திக்க முடியாது. பொறந்த மொத வாரம் அது இருக்குற எடத்துல 32ல இருந்து 35 டிகிரி வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி கொறைச்சுக்கிட்டே வரலாம். நம்ம ஊருதான் சூடாச்சேன்னு சொல்லாதீங்க, மத்தியானம் சரி, சாயங்காலம் ஒரு மழ அடிச்சு ராத்திரி 23, 24க்கு எறங்கும்போதுதான் குஞ்சு போகும். பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) பிள்ளைங்க அழுது வாங்கிட்டு வர்ற கலர் குஞ்சுங்க (பெரும்பாலும் சேவலுங்கதான், முட்டைப் பண்ணைக்கு வேண்டாததுங்க) அதிகமா இப்படித்தான் போகுது, தாய்க் கோழி இல்ல, சாயம் முக்குன ஈரம் வேற.

ஒரு அட்டைப்பொட்டி எடுங்க, 40 இல்லன்னா 60 வாட் பழைய மஞ்ச குண்டு பல்ப ஒரு ஓரத்துல மட்டும் கட்டித் தொங்க விடுங்க, பல்பு அட்டையிலயோ துணியிலயோ படக்கூடாது, தீப்புடிச்சிரும். எல்இடி பல்பு போட்டா வெளிச்சம்தான் வரும், சூடு வராது, இத எத்தன பேருக்குச் சொன்னாலும் எல்இடியத்தான் போடுறாங்க. பல்பு கெடைக்கலன்னா ஒரு போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி துணியில சுத்தி பக்கத்துல வைங்க, ஆறிப்போச்சுன்னா மாத்தணும், மறந்துட்டா அதுவே ஐஸ் கட்டியாட்டம் குஞ்ச குளுர வச்சிரும். பொட்டியோட இன்னொரு பக்கம் குளுமையா இருக்கணும், சூடு அதிகமானா அதுவே நகந்து போகும். வாயத் தொறந்து மூச்சு வாங்கிக்கிட்டு ரெக்கைய அகட்டி வச்சா சூடு ஜாஸ்தி, கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே பல்புக்கடியில ஒட்டிக்கிட்டு நின்னா பத்தல. பொட்டிய மேச மேல வச்சு மேசக் கால நாலையும் தண்ணி ஊத்துன டின்னுக்குள்ள நிறுத்துங்க, சோர்ந்த குஞ்ச செவப்பெறும்பு விடாது. பூனை, எலி, மூசாங் (மரநாய்) தொந்தரவு தனி, அதனால ராத்திரி கண்டிப்பா வீட்டுக்குள்ள.

கால் சூடேறி, கண்ணத் தொறந்து பாக்க ஆரம்பிச்சதும் தண்ணி. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் சீனி, துளியூண்டு உப்பு, அவ்வளவுதான். சிரிஞ்ச வாய்க்குள்ள விட்டு பீச்சி அடிக்காதீங்க, நாக்குக்குப் பின்னாலயே மூச்சுக்குழாய் ஓட்டை இருக்கு, தண்ணி நேரா நொரையீரலுக்குப் போயிரும். அலகு நுனிய மட்டும் தண்ணியில தொட்டு எடுங்க, இல்லன்னா விரல்ல ஒரு சொட்டு எடுத்து அலகு ஓரத்துல வைங்க, அதுவே உறிஞ்சிக்கும். சீனித் தண்ணி ஒரு நாளைக்குப் போதும், அப்புறம் சாதா தண்ணி, இல்லன்னா கோழித் தீவனக் கடையில விக்கிற விட்டமின் பொடி கலந்த தண்ணி. பால் வேணாம், கோழிக்கு பால் செரிக்காது, கழிச்சல்தான் வரும். தண்ணி வைக்கிற தட்டுல கோலிக்குண்டு போட்டு வைங்க, சின்னக் குஞ்சு அரை இஞ்சு தண்ணியிலகூட மூழ்கிரும்.

தீனி அதுக்கப்புறம். இன்னிக்கு பொரிச்ச குஞ்சு சாப்புடலன்னு பதறாதீங்க, வயித்துக்குள்ள முட்டையோட மஞ்சக்கரு இருக்கு, ரெண்டு மூணு நாளைக்கு அது தாங்கும். வளந்த குஞ்சுன்னா குஞ்சுத் தீவனத்த தண்ணியில கொழச்சு வைங்க, இல்லன்னா வேகவச்ச முட்டை மஞ்சக்கருவ உதுத்துப் போடுங்க, விரலால தட்டிக் காட்டுனா தாய்க் கோழி கொத்துதுன்னு நெனச்சு வந்து கொத்தும். வெறும் நொய்யரிசி மட்டும் போட்டு வளத்தா வயிறு நெறையும், சத்து இருக்காது.

சரி, என்ன நோயின்னு பாக்கணும்னா பின்பக்கத்தப் பாருங்க. எச்சம் காஞ்சு ஆசனவாய அடைச்சிருந்தா (சின்னக் குஞ்சுங்களுக்கு இதான் ரொம்ப வரும், குளுராலயும் வரும், தண்ணி பத்தலன்னாலும் வரும்) வெதுவெதுப்பான தண்ணியில பஞ்ச நனைச்சு ஊற வச்சு ஊற வச்சு எடுங்க, பிச்சு இழுத்தா தோலோட வந்திரும். எடுத்துட்டு நல்லா தொடச்சு காய வச்சு கொஞ்சம் வசலின் தடவுங்க. ஆசனவாய்க்கு முன்னால வயித்துப் பக்கம் ஒரு காஞ்ச பொருக்கு இருக்கும், அது தொப்புள், அத எச்சம்னு நெனச்சு நோண்டிராதீங்க.

எச்சத்துல ரத்தம் வந்து, முடிய சிலுப்பிக்கிட்டு ஒக்காந்திருந்தா, அதுவும் 3 வாரத்துல இருந்து 6 வாரக் குஞ்சுன்னா, பெரும்பாலும் ரத்தக் கழிச்சல், காக்சிடியோசிஸ்னு சொல்றது. இது கிருமி மாதிரி ஒரு ஒட்டுண்ணி, குடல அரிக்கும். மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுக் குடுத்தா நிக்கும்னு பாட்டிங்க சொல்லுவாங்க, புண்ணுக்கு மஞ்சள் சரி, இதுக்கு அது பத்தாது. ஆம்ப்ரோலியம்னு மருந்து இருக்கு, தண்ணியில கலந்து குடுக்கணும், அளவு பாக்கெட்டுல போட்டிருக்கிறபடிதான், கண்ணால அளந்து கொட்டாதீங்க. அந்த மருந்து குடுக்குற நாள்ல பி1 விட்டமின் குடுக்காதீங்க, மருந்து வேலை செய்யுறதே ஒட்டுண்ணிக்கு அந்த விட்டமின் கெடைக்காம தடுத்துத்தான். எச்சத்த தெனமும் வாரிப் போடணும், ஏன்னா ஈரமும் சூடும் இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்லயே எச்சத்துல இருக்குறது மத்த குஞ்சுக்கு தொத்துற பக்குவத்துக்கு வந்திரும், நம்ம ஊருல ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. குளோராக்ஸ் (பிளீச்) ஊத்தி கழுவுனாலும் அது சாகாது, கொதிக்கிற தண்ணியும் நல்லா காய வைக்கிறதும்தான் வழி.

கால் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு எந்திரிக்க முடியலன்னா அடியில வழுவழுன்னு பேப்பர் போட்டிருப்பீங்க. பேப்பர எடுத்துட்டு பழைய துண்டு விரிங்க, ரெண்டு காலையும் இயல்பா நிக்கிற அகலத்துக்கு பிளாஸ்டரால லேசா சேத்துக் கட்டுங்க, மொத வாரத்துலயே செஞ்சா சீக்கிரம் சரியாகும், விட்டுட்டா கஷ்டம். மூச்சு விட கஷ்டப்பட்டு வாயத் தொறந்துக்கிட்டே இருந்தா அடியில போட்டிருக்கிற மரத்தூள மோந்து பாருங்க, பூசண வாடை அடிச்சா மொத்தமா மாத்துங்க. மூஞ்சியில மரு மாதிரி கொப்பளம் வந்தா அம்மை, கொசு கடிச்சு வர்றது, மருந்து கெடையாது, பொருக்க பிக்காம ஐயோடின் தொட்டு வச்சு கொசுவல போட்டு வைங்க, கண்ணு மூடிப்போச்சுன்னா நீங்கதான் ஊட்டணும். நம்ம சாப்புடுற பெனடால், மிச்சம் வச்ச ஆன்டிபயாட்டிக் எதையும் ஒடச்சுக் குடுக்காதீங்க.

ஆனா ஒண்ணு, கழுத்து திருகிக்கிட்டு, பச்சையா கழிஞ்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு சாகுதுன்னா இந்த வைத்தியம் எல்லாத்தயும் நிறுத்துங்க. வெள்ளக் கழிச்சலா (நியூகாசில்னு சொல்ற நோய்) இருக்கலாம், பறவைக் காய்ச்சலாவும் இருக்கலாம், 2004லயும் 2017லயும் கிளாந்தான்ல வந்துச்சே. மாவட்ட வெட்டரினார் (கால்நடை) ஆபீசுக்கு போன் போடுங்க, செத்தத வெறுங்கையால தொடாதீங்க, லோங்காங்ல (சாக்கடை) வீசாதீங்க, மிச்சம் இருக்குறத அவசரமா வித்துத் தள்ளாதீங்க. நோய் இல்லாத நாள்லயும் குஞ்சத் தொட்டா சோப்பு போட்டு கைய கழுவணும், சால்மொனெல்லா இருக்கும், 5 வயசுக்குள்ள பிள்ளைங்க குஞ்சுக்கு முத்தம் குடுக்க விடாதீங்க.

குஞ்சு தானா சாப்புட்டு, தீனிப்பை நெறஞ்சு, பொட்டிக்குள்ள ஓட ஆரம்பிச்சா திரும்ப தாய்கிட்ட விடலாம். பகல்ல விட்டா புதுசுன்னு நெனச்சு கொத்தும், ராத்திரி இருட்டுல மெதுவா ரெக்கைக்கு அடியில தள்ளி விடுங்க, விடிஞ்சதும் மொத வேலையா போய் பாருங்க. அடையாளத்துக்கு செவப்பு மார்க்கர் மட்டும் போடாதீங்க, செவப்பக் கண்டா மத்ததுங்க ரத்தம்னு கொத்தும், நீலமோ பச்சையோ போட்டுக்கங்க.