கேட் 6 கேபிளில் கிராஸ்டாக் வராமல் முனையில் கனெக்டர் போடுவது எப்படி?

பழைய லேண்ட்லைனில் பேசும்போது நடுவே வேறு யாரோ பேசுவது மெல்லக் கேட்கும். கேட் 6 போன்ற நெட்வொர்க் கேபிளிலும் அப்படித்தான், ஒரு கம்பியின் சிக்னல் பக்கத்துக் கம்பியிலும் ஏறிவிடும். இதுதான் கிராஸ்டாக். கிரகாம் பெல் 1881-லேயே இதற்கு வழி சொல்லிக் காப்புரிமை வாங்கிவிட்டார்: கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்குவது. முறுக்கிய இரண்டிலும் இரைச்சல் ஏறக்குறைய சமமாக ஏறும். ரிசீவர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும்.

கோத்தகிரியில் மேல் வீட்டிலிருந்து கீழே உள்ள காட்டேஜுக்கு 60 மீட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம்.

வாங்க வேண்டியவை: வெளிப்புறக் கேட் 6 கேபிள் 65 மீட்டர், கிரிம்பிங் டூல் (கனெக்டரைக் கம்பிகளோடு அழுத்திப் பிடிக்க வைப்பது), நெட்வொர்க் கேபிள் டெஸ்டர், முனையில் மாட்டும் கனெக்டர் ஆறு. இரண்டு போதும்தான், ஆனால் முதல் இரண்டு எப்படியும் பாழாகும். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் சட்டென ஒடியும்.

1. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள். 30 செ.மீ. தள்ளிப் போங்கள். கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடங்கள். கேபிள் டையை இறுக்கிக் கட்டினால் உள்ளே முறுக்கு நசுங்கும்.

2. ஜாக்கெட்டை (வெளி உறையை) 3 செ.மீ. உரித்து, கம்பிகளை அடுத்த படியில் உள்ளபடி வரிசைப்படுத்தி, 13 மி.மீ. மட்டும் விட்டு நறுக்குங்கள். முறுக்குப் பிரிந்த நீளம் அதைத் தாண்டக்கூடாது. ஜாக்கெட்டும் கனெக்டருக்குள் போய் உட்கார வேண்டும்.

3. இரு முனையிலும் டி568பி என்ற நிலையான நிற வரிசை, 1 முதல் 8 வரை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பச்சை ஜோடியை ஏன் பிரிக்க வேண்டும் என்று 3, 4-ஆம் இடங்களில் சேர்த்தே வைத்துவிடுவார்கள். இரு முனையிலும் அதே தப்பு இருந்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் ஒரு சிக்னல் ஜோடியாகச் செல்வது 3-உம் 6-உம். அப்போது 3-இல் பச்சை ஜோடியின் கம்பி, 6-இல் நீல ஜோடியின் கம்பி. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படாதவை. 2 மீட்டர் கேபிளில் தெரியாது. 60 மீட்டரில் இணைப்பு விட்டு விட்டு வரும்.

4. சுவரில் நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். முனையில் ஈரம் ஏறினால் கனெக்டர் பச்சை பிடிக்கும். இடி அடிக்கடி விழும் மேடென்றால் கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர்தான் நல்லது.

5. லேப்டாப்பை மாட்டி லிங்க் வேகம் பாருங்கள். கருவிகள் இரண்டும் கிகாபிட் என்றால் 1 ஜிபிபிஎஸ் காட்ட வேண்டும். 100 எம்பிபிஎஸ் காட்டினால் இரு முனையையும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். மிச்சக் கனெக்டர்கள் அதற்குத்தான்.