தாயக்கட்டையை உருட்டிப் பாஸ்வேர்டு எடுப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் என் வயதுக்காரர்கள் பலருக்குப் பாஸ்வேர்டு என்றால் கோயில் பெயரும் பிறந்த ஆண்டும்தான். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அக்கா மகன் மூன்றாவது தடவையிலேயே திறந்துவிட்டான். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் சேர்ந்திருக்கும் கோயில்கள் மொத்தமே 9. நமக்கு எந்தக் கோயில் என்பது ஊருக்கே தெரியும்.

நாமாக யோசித்தால் இப்படித்தான் வரும். அந்த வேலையைத் தாயக்கட்டையிடம் விட்டுவிடலாம். 1995ல் அர்னால்டு ரைன்ஹோல்டு என்ற அமெரிக்கர் 'டைஸ்வேர்' என்று ஒரு வழி சொன்னார். ஆறு முகப் பகடை, சொல்லுக்கு 5 உருட்டு, 7776 சொற்கள் கொண்ட பட்டியல். நம் பித்தளைக் கட்டைக்கு நாலே முகம்: 1, 2, 3, ஒரு வெற்று. பட்டியலும் சின்னதாகப் போதும்.

முதலில் ஒரு நோட்டு. 4 பக்கம், பக்கத்துக்கு 4 வரி, வரிக்கு 4 சொல், ஆக 64. வளவு, முகப்பு, பட்டாலை, கொட்டான், கந்தரப்பம், சீயம் என்று வாயில் வருவதை எழுதுங்கள். எதுவும் இரண்டு முறை வரக்கூடாது. பல தளங்கள் தமிழ் எழுத்தை ஏற்காது. அதனால் ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் எப்படி அடிப்பீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். 'ழ'வை இன்று ஒரு விதமாகவும் நாளை ஒரு விதமாகவும் அடித்தால் உங்கள் கணக்கு உங்களுக்கே திறக்காது.

இனி உருட்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் கட்டை நன்றாக ஓடும். ஒரே ஒரு கட்டை போதும். முதல் உருட்டு பக்கம், அடுத்தது வரி, மூன்றாவது சொல். வெற்று முகம் விழுந்தால் 4.

இரண்டு கட்டையையும் உருட்டிக் கூட்டிவிடாதீர்கள். ஆட்டத்தில் வெற்று முகம் பூஜ்யம்; மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ 4 விதம், தாயம், அதாவது ஒன்று, விழ 2 விதம்தான். (ஆட்டத்தில் தாயத்துக்குத் தவம் கிடப்பது இதனால்தான். எதிரே இருக்கும் ஆச்சியின் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம்.)

24 முறை உருட்டினால் 8 சொல். பிடிக்காத சொல்லை மாற்றக் கை துறுதுறுக்கும். மாற்றினால் மறுபடி மனசு புகுந்துவிடும்.

நோட்டை ஒருவன் தூக்கிக்கொண்டு போனாலும் அவன் முன்னால் சுமார் 281 லட்சம் கோடி சேர்க்கைகள் நிற்கும். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி நம்மிடம் இருந்தால் போதும் என்ற கருத்தை 1883லேயே கெர்க்கோஃப்ஸ் என்ற டச்சு மொழியியலாளர் எழுதிவிட்டார். விழுந்த சொற்களை நோட்டில் கோடிட்டு மட்டும் வைக்காதீர்கள். தனித் துண்டுச்சீட்டில் எழுதி, மனப்பாடம் ஆகும்வரை பெட்டகத்தில் பூட்டுங்கள்.

முதலில் இமெயிலுக்கு வையுங்கள். மற்ற தளங்களில் பாஸ்வேர்டு மறந்தால் மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

எனக்கு விழுந்த எட்டில் மூன்று பலகாரம். அடடா, இதைச் சொன்னதே தப்பு. இன்று ராத்திரி மறுபடி 24 உருட்டு.