தோற்கலப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் அழகுசாதனப் பொருள்களைத் தோற்கலங்களில் சோதிக்கப் பழகும் மாணவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். கையுறை, கிருமிநீக்கம் போன்றவை சில நாள்களில் தாமாகவே கைவந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒளி கூடினால் நன்மை என்று எழுதுவது

இதை இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை. கலத்தினுள் கீப்1 என்னும் புரதம் என்ஆர்எஃப்2 என்னும் புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தாக்குதிறன் கொண்ட இரசாயனம் கீப்1இலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களோடு பிணைந்தால் அந்தப் பிடி தளர்ந்து, என்ஆர்எஃப்2 கலத்தின் கருவுக்குள் புகுந்து காப்பு நொதியங்களுக்கான பரம்பரையலகுகளைத் தூண்டிவிடும். தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களைக் கண்டறியும் கெரட்டினோசென்ஸ் முறையில் அந்தத் தூண்டலையே, லூசிபெரேஸ் என்னும் நொதியம் தரும் ஒளியாக அளக்கிறோம். ஆகவே ஒளி கூடுவது, கலம் தாக்குதலை உணர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

கறுவா மணமுள்ள முகப்பூச்சு ஒன்றைச் சோதித்த மாணவி ஒருவர், ஒளி ஒன்றரை மடங்கைத் தாண்டியதும் ‘தோலின் காப்புத்திறனை வளர்க்கிறது’ என முடிவெழுதி, உற்பத்தியாளருக்கும் அனுப்பிவிட்டார். குழிகள் கொண்ட அதே சோதனைப் பிளேட்டில், தூண்டலைக் கட்டாயம் காட்ட வேண்டிய ஒப்பீட்டுப் பொருளாக, அதாவது நேர்க்கட்டுப்பாடாக, இருந்ததோ சின்னமால்டிஹைட். கறுவாப்பட்டையின் மணத்துக்குக் காரணமானதும் அதுதான், தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்று நன்கறியப்பட்டதாலேயே அங்கே வைக்கப்படுவதும் அதுதான். இரண்டு கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஏறி நிற்க, எச்சரிக்கை நற்செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. கலங்களை வளர்க்கக் கொழும்பிலிருந்து குளிர்ப்பெட்டியில் வரவழைத்த சீரம் வீணானதைவிட, அந்தப் பூச்சை நம்பிப் பூசப்போகிறவர்களை நினைத்தே மனம் பதைத்தது.

புரோக்கோலியிலுள்ள சல்ஃபொராஃபேனும் இதே வழியைத்தான் தூண்டுகிறது என்பதால், ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு நன்மை தீமையைப் பிரிக்க இயலாது. காப்பு என்று சொல்ல விரும்பினால், பொருளைக் குறைந்த செறிவில் முதலில் கொடுத்து, பின்னர் ஐதரசன் பெரொக்சைட்டால் கலங்களைத் தாக்கி, பொருள் படாத கலங்களைவிட அவை கூடுதலாகப் பிழைக்கின்றனவா என்று தனியாகச் சோதிக்க வேண்டும்.

உயிர்ப்பை அளக்காமல் விடுவது

கலங்களின் உயிர்ப்பு 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் செறிவுகளில் கிடைத்த தூண்டலை மட்டுமே கணக்கில் எடுங்கள். இறந்துகொண்டிருக்கும் கலத்தில் ஒளி குறைவதைக் ‘காப்பை அடக்குகிறது’ என்று எழுதாதீர்கள்.

எம்டிடி நிறத்தை அப்படியே நம்புவது

எம்டிடி என்பது உயிருள்ள கலங்கள் ஊதாவாக மாற்றும் சாயம்; ஆனால் விற்றமின் சி போன்றவை கலமே இல்லாத குழியிலும் அதை ஊதாவாக்கும். கலமற்ற குழிகளையும் வையுங்கள்.

கரைப்பானை மறப்பது

பொருளைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ திரவம் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவில், 1 சதவீதமாக இருக்க வேண்டும்.

பிளேட்டை மூடாமல் விடுவது

வாசனைப் பொருள் ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குப் போகும்.