ஹாஸ்டலைப் பசுமையாக்க வேண்டுமா? எச்சில் டிரம்மிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் கரண்ட் பில் கூடினால் அப்பா கேட்பார், மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அம்மா ஓடிப்போய் நிறுத்துவார். ஹாஸ்டலில் அந்தக் குரல் இல்லை. தண்ணீரும் கரண்டும் மொத்தக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுவதால், ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்பது உள்ளே இருக்கும் யாருக்கும் தெரிவதில்லை. அதனால் போஸ்டர் ஒட்டுவதையும் மரக்கன்று நடுவதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கணக்கு எடுங்கள். ஒரு வருடம் மெஸ் செகரட்டரியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு இல்லாமல் கேட்டால் எதுவும் நடக்காது.

மெஸ்ஸிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஸ்டோரில் எடை மெஷின் எப்படியும் இருக்கும். ஒரு வாரம் மூன்று வேளையும் எச்சில் டிரம்மை நிறுத்துப் பாருங்கள். தட்டில் மிஞ்சியது தனி, பாத்திரத்தில் மிஞ்சியது தனி. அன்றைய எடையை மெனு போர்டிலேயே எழுதிவிடுங்கள். 400 பேர் ஆளுக்கு 50 கிராம் கொட்டினால் ஒரு வேளைக்கு 20 கிலோ. மாதச் செலவை எல்லாருக்கும் பிரித்துப் போடும் டிவைடிங் சிஸ்டம் மெஸ் என்றால் கொட்டிய ஒவ்வொரு கிலோவும் எல்லார் பில்லிலும்தான் ஏறுகிறது என்று புரியவைக்க இந்த ஒரு எண் போதும். எந்த ஐட்டம் கொட்டப்படுகிறது என்பதும் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். எங்களிடம் திங்கட்கிழமை உப்புமா அப்படித்தான் பிடிபட்டது.

தட்டில் மிஞ்சுவதைக் குறைக்க, முதல் தடவை சின்னக் கரண்டியில் பரிமாறிவிட்டு, இரண்டாவது தடவை எவ்வளவு வேண்டுமானாலும் என்று வைத்தால் போதும். பாத்திரத்தில் மிஞ்சுவது வேறு பிரச்சினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், சமையல்காரருக்கு அது தெரியாது, சனிக்கிழமை இட்லிக்கு முழு ஹாஸ்டலுக்கும் மாவு அரைத்து வைத்திருப்பார். ஊருக்குப் போகிறவர்கள் பெயரை வியாழன் இரவுக்குள் ஒரு நோட்டில் எழுத வைத்து, வெள்ளி காலை அரிசி ஊறப்போடும் முன்பே எண்ணிக்கையை அவரிடம் கொடுங்கள். சாயங்காலம் சொல்வதில் பயன் இல்லை. எந்த மாற்றம் என்றாலும் கமிட்டியில் பேசும் முன் மாஸ்டரிடம் போய்ப் பேசுங்கள், அவர் சமையலைக் குறை சொல்வதுபோல் ஆகிவிட்டால் அதோடு முடிந்தது.

காய்கறித் தோலை மட்கவைக்க ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு. வளாகத்தில் கூட்டிக் கொளுத்துகிறார்களே, அதே சருகுதான். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் சருகு போட்டுக் கிளறுங்கள். எலும்பும் எண்ணெயும் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்க முடியாது. இரவு பதினோரு மணிக்கு மேல், சத்தம் அடங்கிய பிறகு, இரண்டு பேர் மாடி மாடியாக நடந்து சொட்டுகிற குழாய்களை எல்லாம் எழுதி எடுங்கள். ஒவ்வொன்றாகப் புகார் கொடுத்தால் பிளம்பர் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும், மொத்தப் பட்டியலாகக் கொடுத்தால் ஒரே நாளில் வாஷர் மாற்றிவிட்டுப் போவார். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா என்றும் பாருங்கள். மோட்டாரைத் தானாக நிறுத்தும் லெவல் கன்ட்ரோலர் பெரிய செலவில்லை. ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகவே வெளியே தள்ளும், அந்தக் குழாயை ஒரு டிரம்மில் விடுங்கள். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு வேண்டாம், கழிவறைக்கும் தரை கழுவவும் நன்றாக ஆகும்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். எனவே உங்கள் ஹாஸ்டலிலும் குழி இருக்கும், மண் அடைத்துக் கிடக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 25,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் இரண்டு லோடுக்கு மேல். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், செப்டம்பரிலேயே குழியைத் தூர்வாரி, மாடியையும் பெருக்கிவிடுங்கள்.

கரண்டில் பெரிய லாபம் ஃபேனில் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட், கரண்டை மிச்சப்படுத்தும் புதுவகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு 0.9 யூனிட் மிச்சம், 300 நாளைக்கு 270 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2,160 ரூபாய், அதாவது ஃபேன் விலை ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். வார்டனிடம் கொண்டுபோக வேண்டியது இந்தக் கணக்கைத்தான், ஒரே பக்கத்தில். எல்லா மாடிக்கும் கேட்காதீர்கள். ஒரு மாடிக்கு மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழசு பழுதாகும்போது புதுசு அந்த வகையாக வாங்கலாம் என்று சொன்னால் இன்னும் எளிதாக ஒப்புக்கொள்வார்கள். அறையில் திருட்டுத்தனமாக ராடு போட்டு வெந்நீர் வைப்பது கரண்டைத் தின்பதோடு உயிருக்கும் ஆபத்து, மாடியில் சோலார் ஹீட்டர் கேட்பதே சரி.

பெண்கள் ஹாஸ்டலில் நாப்கினுக்குத் தனித் தொட்டி கட்டாயம் வையுங்கள், தாளில் சுற்றி அடையாளமிட்டுப் போடுங்கள். மற்ற குப்பையோடு கலந்தால் தூய்மைப் பணியாளர் அக்கா கையால் பிரிக்க வேண்டியிருக்கும், அது எந்த வகையிலும் நியாயம் கிடையாது. மென்ஸ்ட்ருவல் கப், துணி நாப்கின் பற்றி விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு சீனியர் உட்கார்ந்து பேசினால் போதும், யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

கடைசியாக, மே மாதம். ஃபைனல் இயர் அறையைக் காலி செய்யும்போது வாளி, மக், பாய், மெத்தை, டிராஃப்டர், லேப் கோட் எல்லாம் வராந்தாவில் குவிந்து குப்பை வண்டியில் ஏறும். இரண்டு மூன்று மாதத்தில் ஃபர்ஸ்ட் இயர் வந்து அதே வாளியைப் புதிதாக வாங்கும். இடையில் ஒரு பூட்டிய அறை இருந்தால் போதும். ஏப்ரலிலேயே வார்டனிடம் சாவி கேட்டு வாங்குங்கள். வாளியும் பாயும் கழுவிக் காயவைத்துத்தான் உள்ளே போக வேண்டும், மெத்தையை இரண்டு நாள் வெயிலில் போட்டு, மூட்டைப்பூச்சி இருந்தால் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். அட்மிஷன் நாளன்று அறையைத் திறந்து, பெற்றோர் கடைக்குக் கிளம்பும் முன் வாசலிலேயே ஒருவர் நின்று சொல்ல வேண்டும். விலை வைக்காதீர்கள். நான்கு வருடம் கழித்து திருப்பி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.