கஸ்டம் ரோமில் ஆப் சேர்க்கிறீர்களா? இந்த இடங்களில் கவனம்

போனோடு வந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக நாமே போடும் மாற்று ஆண்ட்ராய்டுதான் கஸ்டம் ரோம். அப்படி ஒன்றான லீனியேஜ் ஓஎஸின் மூலநிரலை இறக்கி, அதை ரோமாக மாற்ற மணிக்கணக்கில் பில்ட் ஓடவிட்டு, ஃபிளாஷ் செய்தால் (போனில் ஏற்றினால்) போன் லோகோவிலேயே நிற்கிறது. நேற்றைய பில்ட் நன்றாக ஓடியது. இடையில் ஒரே ஒரு ஆப்பைத்தான் சேர்த்தீர்கள் என்றால், அதை பிரிவ்-ஆப் (சிறப்பு அனுமதி பெறும் சிஸ்டம் ஆப்களுக்கான) கோப்புறையில் வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

அங்கே இருக்கும் ஆப் சிறப்பு அனுமதி கேட்டால், அதைத் தருகிறோமா மறுக்கிறோமா என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதியே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டு 8இல் வந்த விதி இது. 9இலிருந்து, இதைக் கட்டாயமாக்கிய பில்டில் ஓர் அனுமதி விடுபட்டாலும் போன் பூட் ஆகாது. கோப்பை எழுதிவிட்டும் சறுக்குபவர்கள் உண்டு: ஆப் புராடக்ட் பார்ட்டிஷனில் (போன் சேமிப்பகத்தின் ஒரு பிரிவில்) இருக்கும், கோப்பு சிஸ்டம் பார்ட்டிஷனில் இருக்கும். இரண்டும் ஒரே பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். சொல்லப்போனால், மியூசிக் பிளேயருக்கும் பிரவுசருக்கும் பிரிவ்-ஆப் எதற்கு? சாதாரண ஆப் கோப்புறையே போதும்.

அடுத்தது கையொப்பம், அதாவது ஆப்பை வெளியிட்டவர் யார் என்று காட்ட அவரது சாவியால் இடும் டிஜிட்டல் முத்திரை. என் பார்வையில் மிகவும் ஆபத்தான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. வேறொருவர் வெளியிட்ட ஏபிகேயை (ஆப்பை நிறுவும் கோப்பை) உங்கள் சாவியால் மறுபடி கையொப்பமிட்டால், அவர் வெளியிடும் அப்டேட் உங்கள் ரோமில் ஏறாது. அதனால் 'பிரீசைன்டு' என்று குறித்து அப்படியே விடுங்கள். அப்புறம் அதை அவிழ்த்து ஜிப்அலைன் செய்யவும் (உள்ளடக்கத்தைச் சீராக அடுக்கவும்) கூடாது. ஆண்ட்ராய்டு 7இல் வந்த இரண்டாம் பதிப்புக் கையொப்பம் ஏபிகே முழுவதையும் காப்பதால், ஒரு பைட் நகர்ந்தாலும் செல்லாமல் போகும்.

மூலநிரலோடு வரும் டெஸ்ட் சாவிகள் யார் கையிலும் கிடைப்பவை. அவற்றால் கையொப்பமிட்ட ரோமை மற்றவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதே சாவியால் எவரும் ஒரு போலி ஆப்பைத் தயாரித்து, சிஸ்டம் ஆப்பின் அப்டேட் போல உள்ளே நுழைத்துவிடலாம். உங்களை நம்பி நிறுவியவரின் போன் அது.

ஏபிகேயை வெறும் கோப்பாக நகலெடுக்கும் பட்டியலில் போட்டால் பில்ட் பிழை காட்டி நிற்கும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ரோமில் சேர வேண்டியவற்றின் பேக்கேஜ் பட்டியலில் மாட்யூல் பெயரை (பில்டில் ஆப்பைக் குறிக்கும் பெயரை) ஓர் எழுத்து தவறாக எழுதினால்தான் சிக்கல். பல சாதனங்களில் பில்ட் சத்தமில்லாமல் முடியும், ஆப் மட்டும் உள்ளே இருக்காது. ஃபிளாஷ் செய்யும் முன், பில்ட் முடிவுகள் சேரும் அவுட் கோப்புறையைத் திறந்து பாருங்கள்.

சரி, எந்த ஆப்பையும் சேர்க்கலாமா? உரிமம் அனுமதித்தால் மட்டுமே. 2009இல் சயனோஜென்மாட் என்ற கஸ்டம் ரோமில் தன் ஆப்கள் இருப்பதை எதிர்த்து கூகுள் சட்ட அறிவிப்பு அனுப்பியது. அதன்பின் அவை ரோமிலிருந்து நீக்கப்பட்டன. அதன் வழிவந்த லீனியேஜிலும் அவை இன்றுவரை இல்லை. வேண்டுபவர்கள் கூகுள் ஆப்கள் அடங்கிய ஜிஆப்ஸ் ஜிப்பைத் தனியாக ஃபிளாஷ் செய்துகொள்கிறார்கள்.